மெக்சிகோக்காரர் சுட்ட கோழி

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ கோழித் திருட்டுக் கதைன்னு வந்தவங்க மன்னிக்கணும். இது நெருப்பில் சுட்ட கோழி. :-)

பூண்டு, எலுமிச்சை, வறமிளகாய் அரைத்த விழுதில் ஊறப்போட்டு, முழுக் கோழியைத் தட்டையாக விரித்துக் கரி அடுப்பில் வாட்டி எடுப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். ஸ்பானிஷில் போயோ அசாதோ. போயோ என்றால் கோழி, அசாதோ என்றால் சுட்டது. ரெண்டு வருஷமாக மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டு மொட்டைமாடியில் இதுதான் நடக்கிறது. சாப்பிட வந்த நண்பர் ஒருத்தர் ரெண்டாவது காலைக் கடிச்சுக்கிட்டே கேட்டார்: "தயிருக்குப் பதிலா எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தந்தூரிதானேங்க இது? இதுல மெக்சிகோ எங்கேருந்து வந்துச்சு?"

அன்னைக்கு இன்னொரு துண்டு வெச்சு அவர் வாயை அடைச்சாச்சு. ஆனா கேள்வி என்னை விடலை. ஒரு நாள் ராத்திரி பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்து, சாமான் சாமானா எழுதிப் பார்த்தேன், எது எந்த ஊர்னு.

கோழி, தென்கிழக்கு ஆசியக் காட்டுக்கோழியின் வம்சம். எலுமிச்சையும் ஆரஞ்சும் ஆசியா. பூண்டு மத்திய ஆசியா. சீரகம் மத்தியதரைக்கடல் பக்கம். மிளகு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை. பட்டை இலங்கை. கிராம்பு இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகள். மெக்சிகோவின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் மிளகாய், ஓரிகானோ என்று அவர்கள் சொல்கிற ஒரு இலை, அடுப்பில் எரிகிற கரி. அவ்வளவுதான். மெக்சிகன் சிக்கனில் சிக்கனே மெக்சிகன் கிடையாது! நண்பர் கேட்டது ரொம்பவே சரியான கேள்வின்னு அப்பதான் புரிஞ்சுது.

சரி, அப்போ கோழி வருவதற்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்க என்னதான் சாப்பிட்டாங்க?

வான்கோழி. வான்கோழியை முதன்முதலில் வீட்டில் வளர்க்க ஆரம்பித்ததே மெக்சிகோவில்தான். ஆஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியில் சேவலுக்கு ஒரு பெயர், பெட்டைக்கு ஒரு பெயர். பெர்னார்தினோ தே சஹகுன் என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார், உள்ளூர்ப் பெரியவர்களையும் எழுத்தர்களையும் வைத்துக்கொண்டு அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்தார். ஃப்ளோரன்டைன் கோடெக்ஸ் என்று இன்று சொல்லப்படும் அந்தப் பெரும் புத்தகம் 1570களில் முடிந்தது. அதில் பிரபுக்கள் சாப்பிட்ட பதார்த்தங்களுக்கு நீளமான பட்டியல் இருக்கு. சிவப்பு மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் அரைத்துவிட்ட சாற்றில் வான்கோழி! படிக்கும்போதே நம்ம ஊர்க் குழம்பு மாதிரி இல்லை? பூசணி விதைக்குப் பதில் கசகசாவோ தேங்காயோ போட்டால் ஆச்சு.

இதுல கவனிக்கவேண்டிய இன்னொரு சங்கதி. ஸ்பானியர்கள் வரும்வரை அங்கே பன்றி கிடையாது, மாடு கிடையாது, ஆடு கிடையாது. அதனால் பன்றிக்கொழுப்பும் இல்லை, வெண்ணெயும் இல்லை, பொரிக்கிற பழக்கமும் இல்லைன்னே சொல்லலாம். அவித்தார்கள், கொதிக்க வைத்தார்கள், மண்ணுக்குள் புதைத்து வேகவைத்தார்கள், தணலில் சுட்டார்கள். எர்னான் கோர்தெஸ் 1520இல் ஸ்பெயின் ராஜாவுக்கு எழுதின கடிதத்தில் தலைநகரத்துச் சந்தையை வர்ணிக்கும்போது, விறகு, கரி, மண்ணால் செய்த கணப்பு அடுப்பு எல்லாம் விற்கிறார்கள் என்று எழுதுகிறார். ஆக, கரியும் அடுப்பும் அங்கே ரெடி. அரைத்த மிளகாயும் ரெடி. பறவைதான் வேற.

1519இல் கோர்தெஸ் கூட்டம் வந்து இறங்கினபோது வான்கோழியைப் பார்த்து அவர்கள் வைத்த பெயரும் கோழிதான். பிறகு ஸ்பெயினிலிருந்து அசல் கோழி வந்து சேர்ந்ததும் குழப்பம் வந்துச்சு. அதனால் வான்கோழி 'இந்த மண்ணின் கோழி' ஆயிற்று, கோழி 'காஸ்டில் கோழி' ஆயிற்று. காஸ்டில் என்பது ராணி இசபெல்லாவின் ராஜ்ஜியம். நவாட்ல் பேசினவர்கள் அந்த ஊர்ப் பெயரையே பறவைக்கு வைத்துவிட்டார்கள்: கஷ்டில். (கஷ்டம் இல்லீங்க, கஷ்டில்!) நம்ம ஊரில் கடல் தாண்டி வந்ததை எல்லாம் 'சீமை' போட்டுக் கூப்பிடுவோமே, சீமைச்சரக்கு, சீமையெண்ணெய் என்று. அதே கதை.

கஷ்டம் இல்லைன்னு சொன்னேன். உண்மையில் கஷ்டம்தான். ஜெயித்த ஸ்பானியச் சிப்பாய்களுக்கு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்த ஊர் மக்கள் அவருக்குக் கப்பம் கட்டணும், வேலை செய்யணும். அந்தக் கப்பப் பட்டியல்களில் துணி, மக்காச்சோளம் இவற்றோடு கோழியும் முட்டையும் வருகின்றன. தன் வீட்டில் யாரும் கேட்காத ஒரு வெளிநாட்டுப் பறவையை வளர்த்து, அதைக் கொண்டுபோய் வெளிநாட்டுக்காரருக்கே வரியாகக் கொடுக்கணும். கோழி அங்கே நுழைந்தது விருந்துச் சாப்பாடாக இல்லை, வரியாக. சமையல் புத்தகங்களில் 'ஸ்பானிய, இந்தியப் பண்பாடுகளின் இனிய சங்கமம்' என்று ஒரு வரி தவறாமல் வரும். எனக்கு அந்த வரி எப்பவும் உறுத்தும். சங்கமம் நடந்தது நிஜம். இனியன்னு யாரைக் கேட்டு எழுதுறாங்க?

இன்னொன்று. அடிமைப்பட்ட ஊர்க்காரர்கள் கோழியைக் கையில் எடுத்த வேகமும் ஆச்சரியமானதுதான். வான்கோழி நோஞ்சான் குஞ்சு பொரிக்கும், இடம் கேட்கும். கோழி கொல்லையில் கிடைத்ததைக் கொத்தித் தின்று தினம் முட்டை போடும். கப்பத்துக்குப் போக மீதி வீட்டுக்கு ஆச்சு. கொஞ்ச காலத்தில் காஸ்டில் கோழி உள்ளூர்க் கோழி ஆகிவிட்டது, வான்கோழி கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் என்று ஒதுங்கிக்கொண்டது.

(ஒரு சின்ன இடைச்செருகல். வான்கோழி ஐரோப்பாவுக்குப் போனதும் அங்கே அது எந்த ஊர்ப் பறவைன்னு யாருக்கும் விளங்கலை. டச்சுக்காரர்கள் 'கால்கூன்' என்றார்கள். கள்ளிக்கோட்டைக் கோழி என்று அர்த்தம்! கோழிக்கோட்டில் வான்கோழிக்கு என்ன ஜோலி? புதுசாக எது வந்தாலும் இந்தியாவிலிருந்து என்று நினைத்த காலம் அது.)

அடுத்தது புளிப்பு. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பெர்னால் தியாஸ் என்று ஒரு சிப்பாய். கோர்தெஸ் படையில் இருந்தவர், வயசான காலத்தில் தான் கண்டதை எல்லாம் பெரிய புத்தகமாக எழுதினார். கோர்தெஸுக்கும் முந்தி, 1518இல் கியூபாவிலிருந்து கிரிஹால்வா தலைமையில் கரையோரம் ஒரு பயணம் போனார்கள். அதிலும் இவர் போயிருந்தார். இன்றைய தபாஸ்கோ, வெராக்ரூஸ் எல்லைப்பக்கம் தொனலா என்கிற ஊர். ராத்திரி கொசுக்கடி தாங்காமல் இவர் ஒரு கோயில் மேல் ஏறிப் படுத்தாராம். அந்தக் கோயில் பக்கத்தில், கியூபாவிலிருந்து கொண்டு வந்த ஏழெட்டு ஆரஞ்சு விதைகளை ஊன்றி வைத்தார். அவர்பாட்டுக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டார். அந்தக் கோயில் பூசாரிகள், தங்கள் ஊரில் பார்த்திராத செடியாக இருக்கிறதே என்று தண்ணீர் விட்டு, களை எடுத்துக் காப்பாற்றினார்கள். பின்னாளில் அந்தப் பக்கத்திலேயே குடியேறிய பெர்னால் தியாஸ், மெக்சிகோ மண்ணில் விளைந்த முதல் ஆரஞ்சு மரங்கள் என்னுடையவைதான் என்று பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்.

முதல் மரமோ இல்லையோ, அதை விடுங்க. தன் கோயிலையே இடிக்கப்போகிறவன் போட்ட விதைக்குத் தண்ணீர் ஊற்றிய அந்தப் பூசாரிகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆரஞ்சுக்கு ஸ்பானிஷில் 'நராங்ஹா'. அது அரபியின் 'நாரஞ்ச்'. அது பாரசீகத்தின் 'நாரங்'. அது சமஸ்கிருதத்தின் 'நாரங்க'. அதுக்கும் பின்னாடி போனால் திராவிட மொழி வேர் ஒன்று இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். நாரத்தை, நார்த்தங்காய் எல்லாம் நினைவுக்கு வருதா? யுகதான் தீபகற்பத்தில் கோழியை ஊறவைக்கப் பயன்படுத்துவது இனிப்பு ஆரஞ்சு இல்லை, வாயில் வைத்தால் முகம் கோணுகிற புளிப்பு ஆரஞ்சு. நாம் ஊறுகாய் போடுகிற நார்த்தங்காயின் தூரத்துச் சொந்தம். அங்கே அதோடு அனாட்டோ விதை அரைத்துச் சேர்ப்பார்கள். கடை வெண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கம் மஞ்சள் நிறத்துக்காக அனாட்டோ என்று போட்டிருக்குமே, அதே விதை. அப்புறம் வாழையிலையில் பொதிந்து மண்ணுக்குள் சுடுவார்கள். பிபில் என்று பெயர். மாயன் மொழியில் 'பிப்' என்றால் மண்ணடுப்பு. அந்த வாழையும் ஐரோப்பியர் கொண்டு வந்ததுதான்.

எலுமிச்சையைப் பற்றி ஒரே வரி: மெக்சிகோவில் தெருவோரக் கடையில் பிழிகிற சின்னப் பச்சை எலுமிச்சை, நம்ம நாட்டு எலுமிச்சையேதான். ஒரே இனம். இந்த விஷயத்தில் மட்டும் மாற்றுச் சரக்கு தேடவே வேண்டாம்.

ஊறவைக்கிற விழுதுக்கு 'அடோபோ' என்று பெயர். அடோபார் என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒருவரை ஆயுதம் பூட்டி வீரனாக்குவது என்று மூலப்பொருள். கோழிக்குக் கவசம் மாட்டுவது! ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஸ்பெயினில் இறைச்சி கெடாமல் இருக்க வினிகர், உப்பு, பூண்டு, மூலிகை போட்டு ஊறவைத்தார்கள். பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசியரும் அதையே ஒயினும் பூண்டும் போட்டுச் செய்தார்கள். அந்தப் போர்ச்சுகீசியர் கோவாவுக்கு வந்தார்கள், அங்கே மிளகாய் சேர்ந்து விண்டாலூ ஆயிற்று. ஸ்பானியர் மெக்சிகோவுக்குப் போனார்கள், அங்கேயும் மிளகாய் சேர்ந்து அடோபோ ஆயிற்று. ஆக, நம்ம நண்பர் தந்தூரியைச் சொன்னார், ஆனா ரத்த சம்பந்தம் விண்டாலூவோடுதான். தந்தூரி வேற குடும்பம். அது தயிர், களிமண் அடுப்பு, பஞ்சாப். ஓட்டல் பண்டமாக அது ஊர் பூராவும் பரவினது 1947க்கு அப்புறம், பெஷாவரிலிருந்து டெல்லிக்கு வந்த அகதிகள் கையால்.

மிளகாயைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கு? மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று நாம் பெயர் வைத்ததிலேயே எல்லாம் இருக்கு. கொலம்பஸ் வழியாக ஐரோப்பா போய், போர்ச்சுகீசியக் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் நம்மிடம் வந்தது. நாம் அதிலிருந்து பெரும்பாலும் காரத்தை எடுத்துக்கொண்டோம். மெக்சிகோக்காரர்கள் அதைப் பழமாகப் பார்க்கிறார்கள். ஒரே மிளகாய் பச்சையாக இருந்தால் ஒரு பெயர், காய்ந்தால் வேறொரு பெயர், புகைபோட்டுக் காய்ந்தால் இன்னொரு பெயர். போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. ஹலபேன்யோ புகையில் உலர்ந்தால் சிபோட்லே, நவாட்ல் மொழியில் புகை மிளகாய் என்றே அர்த்தம். கோழிக்குப் போடும் குவாஹியோ மிளகாயில் காரம் கம்மி, நிறமும் ஒரு லேசான புளிப்பும் ஜாஸ்தி. இந்த ஒரு விஷயம் கைக்கு வந்தால் பாதிச் சமையல் முடிஞ்சுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். கோழி இருக்கு, அடோபோ இருக்கு, கரி இருக்கு. அப்போ 400 வருஷமாக மெக்சிகோக்காரர்கள் தெருவுக்குத் தெரு கோழி சுட்டுத் தின்றார்களா? இல்லை! முழுக் கோழியைக் கரியில் சுட்டு விற்கிற கடை, ஊர் பூராவும் பரவிய ஒரு வழக்கமாக, ரொம்பச் சின்ன வயசு.

காரணம் ரொம்ப சிம்பிள். நாட்டுக்கோழியை யாரும் சும்மா சுட மாட்டார்கள். அது முட்டை போடும் பறவை. முட்டை நின்ற பிறகுதான் அடுப்புக்கு வரும். அந்த வயசுக் கோழியைத் தணலில் வாட்டினால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து ரசமோ குழம்போதான் வைக்கமுடியும். நம்ம பாட்டிமார் நாட்டுக்கோழியைச் சாறு வைத்ததும் அதனால்தான். சுடுவதற்குத் தேவை இளசான, சதைப்பிடிப்பான, விலை மலிவான கோழி. அது பண்ணைக்கோழி வந்த பிறகுதான் சாத்தியம்.

மெக்சிகோவின் வடமேற்கில் சொனோரா, சினலோவா என்று ரெண்டு மாநிலங்கள். அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, 20ஆம் நூற்றாண்டில் பெரிய விவசாய பூமியாக மாறின பகுதி. சொனோராவில் 1952இல் பச்சோகோ என்ற கம்பெனி முட்டைப் பண்ணையாக ஆரம்பித்தது. பிறகு சினலோவாவுக்குப் பரவி, 1971 வாக்கில் கூலியகானில் கறிக்கோழி வளர்க்க இறங்கியது. பிற்காலத்தில் அதுதான் மெக்சிகோவின் மிகப்பெரிய கோழிக் கம்பெனி.

அடுத்த நாலே வருஷத்தில், 1975இல், அதே சினலோவாவில் குவாசாவே என்கிற ஊரில் ஹுவான் பிரான்சிஸ்கோ ஓச்சோவா என்பவர் சாலையோரமாக ஒரு கோழிக்கடை போட்டார். பழச்சாறு, பூண்டு, மசாலாவில் ஊறின கோழியை விரித்துத் தணலில் சுட்டு, சோள ரொட்டியும் சல்சாவும் சேர்த்துக் கொடுப்பது. கடைக்குப் பெயர் எல் போயோ லோகோ, அதாவது 'பைத்தியக்காரக் கோழி'. சில வருஷத்திலேயே வடக்கு மெக்சிகோ பூராவும் கிளை விட்டது. 1980 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் அல்வராடோ தெருவில், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில், அமெரிக்காவின் முதல் கடை. 1983இல் டென்னிஸ் ஓட்டல் கம்பெனி அமெரிக்கக் கடைகளை வாங்கிவிட்டது. மெக்சிகோ கடைகள் ஓச்சோவா குடும்பத்திடமே நின்றன. ஓச்சோவா சும்மா இருந்தாரா? 1987இல் டெக்சாஸின் லரேடோவில் டாக்கோ பலென்கே என்று வேறொரு கடை வரிசையை ஆரம்பித்தார்.

குடும்பச் சமையல் செய்முறை என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்வதை நான் சந்தேகப்படவில்லை. வீட்டில் அம்மா ஊறவைத்த ருசி நிஜமாகவே இருந்திருக்கும். ஆனால் அதை வாரா வாரம் ஒரு கூலிக்காரக் குடும்பம் முழுக் கோழியாக வாங்கித் தின்ன முடிந்தது கறிக்கோழிக் கொட்டகையால்தான். நம்ம பக்கமும் அதேதானே? பல்லடம், உடுமலைப் பக்கம் 1980களில் ஆரம்பித்து, 90களில் ஒப்பந்தப் பண்ணையாகப் பெருகின பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை கோழி என்பது எல்லா வீட்டுக்கும் வந்தது. அதுக்கு முன்னால் மாப்பிள்ளை வந்தால்தான் கோழி. இன்னும் சொன்னால், உலகத்துக் கறிக்கோழிகளில் பெரும்பாலானவை ரெண்டு மூணு இனவிருத்திக் கம்பெனிகளின் வம்சம்தான். குவாசாவேயில் சுடுகிற கோழியும் நம்ம தெருமுனைக் கோழியும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாக இருக்கலாம்.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில்: இதில் மெக்சிகோ என்பது மிளகாயை நடத்தும் விதத்திலும், கரியிலும், கூட வைக்கிற சோள ரொட்டியிலும் இருக்கு. சூப்பர்மார்க்கெட்டில் 'மெக்சிகன் மசாலா' என்று சீரகம் தூக்கலாக ஒரு பாட்டில் விற்கிறார்களே, அதன் வேர் டெக்சாஸ். 1890களில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் அங்கே மிளகாய்த்தூளில் சீரகம், ஓரிகானோ கலந்து பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். அந்த வாசனையைத்தான் உலகம் மெக்சிகோ வாசனை என்று நம்பிக்கொண்டிருக்கு. அதை வாங்கவேண்டாம், காசு மிச்சம்.

கரிக்கு வருகிறேன். சொனோரா, சினலோவா பக்கம் கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் பேர்போன கரி மெஸ்கீத்தே மரத்துக் கரி. நவாட்ல் மொழியில் மிஸ்கித்ல். இந்த மரம் நம்ம ஊரில் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்குமாவா? ராமநாதபுரம் போய்ப் பாருங்க! நம்ம சீமைக்கருவேலம் அந்த மெஸ்கீத்தே குடும்பத்து மரம்தான். மெக்சிகோ, கரீபியன், தென்னமெரிக்காவின் வடபகுதிதான் அதன் சொந்த ஊர். 1870களில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலத்துக்கு விறகு வேணும் என்று விதை கேட்டு எழுத, 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும். கண்மாய், வாய்க்கால், தரிசு எல்லாம் அதுதான். 2017இல் அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போடும் அளவுக்குப் போனது. ஆனா மழை பொய்த்த வருஷத்தில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வயிறு கழுவுகிற குடும்பங்களும் அங்கேதான் இருக்கு. சொனோராவில் வேற மாதிரி: கரிக்காக வெட்டி வெட்டி மெஸ்கீத்தே காடு அழியுதேன்னு கவலை. அங்கே மரம் போகுதேன்னு அழறாங்க, இங்கே போகமாட்டேங்குதேன்னு.

அந்தக் கரி மூட்டைதான் என் மொட்டைமாடிக்கு வருவது. காசு கொடுத்து 'இம்போர்ட்டட் மெஸ்கீத்தே' தேட வேண்டிய அவசியமே இல்லை.

இனி செய்முறை. தங்கமணி சமையல்கட்டுக்குள் விடமாட்டேன் என்றால் மாடியில் அம்மியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றேகால் கிலோ கோழி, தோலோடு. கடையில் 'தோல் உரிக்காம, முதுகுப்பக்கம் வெட்டி விரிச்சுக் கொடுங்க'ன்னு சொல்லணும். கடைக்கார பாய் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தோல் இல்லாவிட்டால் கரியில் சதை வறண்டுபோகும்.

குவாஹியோவுக்குப் பதில் பியாடகி மிளகாய் ஆறு, கொஞ்சம் உறைப்புக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய் ரெண்டு. விதையை உதறிவிட்டு, வெறும் தோசைக்கல்லில் வாசனை வரும்வரை திருப்பித் திருப்பிப் போடணும். கருகினால் கசக்கும், அதனால் கல்லை விட்டு நகராதீங்க. சுடுதண்ணீரில் 20 நிமிஷம் ஊறட்டும். அதோடு பூண்டு எட்டுப் பல், மிளகு அரை ஸ்பூன், கிராம்பு ரெண்டு, சீரகம் கால் ஸ்பூன் (அதுக்கு மேல் வேண்டாம், சொல்லிட்டேன்), சுருள் பட்டை ஒரு சின்னத் துண்டு. மெல்லிசாக உதிரும் இலங்கைப் பட்டையாக இருக்கணும். இலங்கைப் பட்டையை உலகத்திலேயே அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோ, அவர்களுக்கு வேறு பட்டை ஆகாது. ஓரிகானோ ஒரு ஸ்பூன். மெக்சிகோ ஓரிகானோ பீட்சா கடைப் பொட்டலத்தில் வருவது இல்லை, வேற செடி. பொட்டலமே போதும், இல்லாவிட்டால் தொட்டியில் இருக்கிற கற்பூரவள்ளி ரெண்டு இலை. கியூபா ஓரிகானோ என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது அதைத்தான். எல்லாவற்றையும் நைசாக அரைத்து, ரெண்டு எலுமிச்சைச் சாறு, அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு, உப்பு ஒன்றரை ஸ்பூன், எண்ணெய் ரெண்டு ஸ்பூன் கலக்கவும். நார்த்தங்காய் கிடைத்தால் எலுமிச்சையைக் குறைத்து அதைப் பிழியலாம்.

நாலு மணி நேரம் ஊறினால் போதும். 'நேத்தே ஊறப்போட்டேன்' என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. புளிப்பு சதைக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. உள்ளே இறங்குவது உப்புதான். ரொம்ப நேரம் புளிப்பில் கிடந்தால் மேல்சதை சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். ஊறினதை வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்க.

கரி வெள்ளைச் சாம்பல் பூத்ததும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்கம் கோழியை எலும்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து மூடணும். பழைய இரும்புச் சட்டி கவிழ்த்தால் ஆச்சு. 35, 40 நிமிஷம் போகட்டும். கடைசி அஞ்சு நிமிஷம்தான் தோல் பக்கத்தை நேராகத் தணலுக்கு மேலே காட்டணும். தொடையில் குத்தினால் சிவப்பு நீர் வரக்கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி. பச்சைக் கோழி ஊறின விழுதைக் கடைசியில் மேலே தடவுகிற ஆளுங்க இருக்காங்க, கொதிக்கவைக்காமல் அதைச் செய்யவே கூடாது. எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிஷம் விடுங்க.

சோள ரொட்டி இல்லாவிட்டால் சப்பாத்தி. சுட்ட தக்காளி, சுட்ட பச்சைமிளகாய், பூண்டு, உப்பு, இதை அம்மியில் ஒண்ணுரெண்டாக நசுக்கினால் சல்சா. மேலே கொத்தமல்லி, பொடியாக நறுக்கின வெங்காயம், இன்னும் ஒரு எலுமிச்சை.

எலும்பைத் தூக்கிப் போடாதீங்க. மறுநாள் அதை ரெண்டு கேரட், ஒரு வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் புகைவாசத்தோடு ஒரு ரசம் வரும். எங்க வீட்டில் கோழியை விட அதுக்குத்தான் சண்டை.